மதகைத் திறந்தவர் எவருமில்லை

கரைச்சுடர் தொலைக்காட்சிக்கு அவசரமாகக் கொஞ்சம் துன்பம் தேவைப்பட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் நிகழ்ச்சிகளுக்குச் சிரிப்பு ஏற்பாடாகிவிட்டது. சமையல் ஏற்பாடாகிவிட்டது. பிரமுகர் ஒருவரின் வாழ்த்துச் செய்தி போன வருடத்ததே பழுதில்லாமல் இருந்ததால் அதுவும் ஏற்பாடாகிவிட்டது. பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதில் மக்களை அழவைப்பதென்று நிகழ்ச்சிப் பணிப்பாளர் ஸஹீத் தீர்மானித்தார்.

அழுகைக்குத் தோதாக அகப்பட்டது 'பாழ்மதகு'. காலஞ்சென்ற பக்கீர் முகைதீன் மாஸ்டர் எழுதி, ஒரு காலத்தில் அட்டாளைச்சேனையிலும் கல்முனையிலும் மேடையேறிய சோக நாடகம். அதை எல்லோரும் செவ்வியல் படைப்பு என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் படிக்கத் தேவையில்லை என்பது ஒரு வசதி. அரசனுக்கு முடி, வாள், அங்கி, சேவகருக்குக் கேடயம் என்று செலவு நீளுமெனக் கணக்குப் பிரிவு முகம் சுளித்ததும், நாடகத்தை நவீன உடையில் எடுக்க வேண்டும் என்ற கலைநோக்கு பணிப்பாளருக்கு உதித்தது. பெரிய நாடுகளில் இப்படித்தான் செய்கிறார்களாம்.

நவீன உடை என்றால் கோட்டு. கல்முனையில் கோட்டு என்றால் ஜவாத்.

ஜவாத், பஸாரில் மாப்பிள்ளைமாருக்குக் கோட்டு வாடகைக்குக் கொடுக்கும் கடைக்காரர். ஊரில் பாதி ஆண்கள் வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் கோட்டுப் போட்டிருக்கிறார்கள், அது இவருடைய கோட்டு. அதோடு, பாழ்மதகில் நடித்தவர்களில் உயிரோடும் ஊரோடும் வட்சப்போடும் இருப்பவர் அவர் ஒருவர்தான். கோட்டுகளையும் ஆலோசனையையும் தந்துதவினால் 'தழுவலாக்கம்: ஜவாத்' என்று முழுத்திரைக்குப் பெயர் போடுவதாகப் பணிப்பாளர் சொன்னார். தழுவலாக்கம் என்றால் என்னவென்று ஜவாத் கேட்கவில்லை. முழுத்திரை என்பது அவருக்கு நன்றாக விளங்கியது.

"நீங்க அந்த நாடகத்துல என்ன வேஷம் போட்ட?" என்று மனைவி சபூறா கேட்டாள்.

"குடிமகன்."

"என்ன பேசின?"

"பேசல்ல. கடைசியில அங்கால திரும்பி நிக்கணும். அவ்வளவுதான்."

"ஊட்டுல அந்த வேஷத்த நீங்க இன்னும் கழட்டல்ல."

சபூறா சொன்னது பாதி உண்மை. ஆனால் நாடகமே அந்தத் திரும்பலில்தான் இருந்தது. பெருமழையில் தன் மைத்துனனின் வயல் மூழ்காமல் இருக்க அரசன் ஒருவன் குளத்து மதகை இரகசியமாகத் திறக்கச் சொல்கிறான். கீழே ஒரு கிராமம் போகிறது. ஒரு சிறுவனின் செருப்பு மட்டும் மிதந்து வருகிறது. குற்றவாளியைப் பிடிப்பேன் என்று சபையில் முழங்கிய அரசன், கடைசிக் காட்சியில் மக்கள் முன்னால் வந்து, "மதகைத் திறந்தவன் நான்தான்" என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒவ்வொருவராக முதுகு காட்டித் திரும்புகிறார்கள். அரசன் தனியாக நிற்கிறான். திரை விழுகிறது. மாஸ்டர் ஒத்திகையில் ஜவாதிடம் சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது: "திரும்பினாத் திரும்பினதுதான். திரை விழும் மட்டும் அவனப் பாக்கப்படாது."

மாஸ்டரின் குடும்பத்தில் மிஞ்சியிருப்பது மகள் ஆகிலா. ஓய்வுபெற்ற நூலகர், அட்டாளைச்சேனையில் தனியாக இருப்பவர். அவரிடம் அனுமதி வாங்கி வரும் பொறுப்பு ஜவாதின் தலையில் விழுந்தது. அவர் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்போடு போனார்.

ஆகிலா மஸ்கட்டை மேசையில் வைத்துவிட்டு, அண்ணன் முறை வைத்துக் கேட்டார். "காக்கா, இந்தக் கத எங்கால வந்ததெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"மாஸ்டர்ர கற்பனைதானே?"

"எண்ட தம்பி ஹாதிக் வாய்க்கால்ல குளிக்கப் போனவன். அண்டைக்கி விடியப்பொறம் ஒரு அறிவித்தலும் இல்லாம மதகத் தொறந்திட்டாங்க. தண்ணி அவனக் கொண்டுபோச்சி. தொறக்கச் சொன்ன அதிகாரிட மச்சான்ட வேளாண்மை தாழுதெண்டுதான் தொறந்த. விசாரணையில 'கடும் மழை' எண்டு எழுதி முடிச்சாங்க."

ஆகிலா தந்த பிளேன்டீயை, பாலில்லாத் தேநீரை, ஜவாத் குடிக்காமல் மேசையில் வைத்தார்.

"அந்த அதிகாரி அடுத்த வருசம் ஹஜ்ஜுக்குப் போகக்குள்ள எங்கட ஊட்ட வந்தாரு."

இதற்கு மேல் அவர் விளக்கத் தேவையில்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாகப் போய் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்பது ஊர் வழக்கம். "அல்லாஹ்வுக்காக மன்னிச்சிட்டன்" என்று பதில் சொல்வதும் வழக்கம். மாட்டேன் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நல்ல வழக்கம்தான். கேட்பவருக்கும் பாரம் குறையும், கொடுப்பவருக்கும் நன்மை.

"ஊடு நெறைய ஆக்கள்," என்றார் ஆகிலா. "'நானும் மனுசன்தானே, ஏதும் பிழை நடந்திருந்தா மாப்புச் செய்ங்க' எண்டாரு. என்ன பிழை எண்டு சொல்லல்ல. நிண்ட எல்லாரும் மன்னிச்சிட்டம் எண்டாங்க. உம்மாவும் சொன்னா. வாப்பா மட்டும் வாயத் தொறக்கல்ல. எழும்பி அங்கால திரும்பி நிண்டாரு. அவரு போன பொறகுதான் வாப்பா இந்த நாடகத்த எழுதத் தொடங்கின."

"தெரியாமப் போச்சே தங்கச்சி. நானும் அதுல திரும்பி நிண்டவன்தான்."

"அதுக்காகத்தான் உங்களோட கதைக்கிறன். கோட்டப் போடுங்க, காரக் குடுங்க, எத வேணுமெண்டாலும் மாத்துங்க. புள்ளய எடுக்காதீங்க. கடைசியில அரசன் 'நான்தான்' எண்டு சொல்லணும். ஆக்கள் பேசப்படாது. இது ரெண்டையும் காப்பாத்துவீங்களா?"

"வல்லாஹி..."

"சத்தியமெல்லாம் வேணாம் காக்கா. ஓம் எண்டு சொன்னாப் போதும்."

"ஓம்," என்றார் ஜவாத். மனதாரத்தான் சொன்னார். அதில் சந்தேகமில்லை.

தொலைக்காட்சியில் 'மனம் புண்படாமைக் குழு' என்று ஒன்று இருந்தது. யாருடைய மனமும் புண்படாமல் பார்ப்பது அதன் கடமை. பணிப்பாளர் ஸஹீத் தலைவர். விளம்பரப் பொறுப்பாளர் பஸ்மிலா செயலாளர். இயக்குநர் அஸீம் உறுப்பினர். கொழும்பில் திரைப்படக் கலை படித்துவிட்டு வந்தவர், அந்த நோய் இன்னும் முழுதாகக் குணமாகவில்லை. ஜவாத் ஆலோசகர். அறையில் ஏசி பலமாக ஓடியது. மாதிரிக்கு ஒரு கோட்டைக் கொண்டுபோன ஜவாத், அதைத் தானே போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

"அரசன் இந்தக் காலத்துல ஆரு?" என்று அஸீம் தொடங்கினார். "நீர்ப்பாசன அதிகாரியா வைப்பம் சேர். கதைக்கும் பொருந்தும்."

"அவங்கட மனம் புண்படும்," என்றார் பணிப்பாளர். "நம்மட ஜெனரேட்டர் அவங்கட கட்டடத்துலதான் நிக்கிது."

"அரசியல்வாதி?"

"எந்தக் கட்சி?"

"கட்சி இல்லாத அரசியல்வாதி."

"அப்படி ஒருத்தரக் காட்டினா எல்லாக் கட்சிட மனமும் புண்படும்."

ஒப்பந்தகாரர் என்றார்கள், சீமெந்து விளம்பரம் போய்விடும். தனவந்தர் என்றார்கள், ஊரில் தனவந்தர்கள் குறைவு, யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். கடைசியில் அரசன், தொழில் எதுவும் குறிப்பிடப்படாத, கோட்டுப் போட்ட ஒருவர் என்று முடிவானது. ஜவாதின் கோட்டுக்கு இவ்வளவு பெரிய பதவி அதற்கு முன் கிடைத்ததில்லை.

அடுத்தது மதகு. கோட்டுப் போட்ட ஒருவர் மதகைத் திறக்கச் சொன்னால் கோட்டுப் போட்ட அனைவரின் மனமும் புண்படும். எனவே மதகு தானாகத் திறக்க வேண்டும்.

"மதகு தானாத் தொறந்தா, அவரு பொறகு என்னத்துக்கு சேர் அழுகிற?" என்று ஜவாத் கேட்டார்.

"மனிதாபிமானத்துல."

ஆனால் தானாகத் திறந்த மதகைக் கட்டியவர் யார் என்ற கேள்வி எழும் என்று பஸ்மிலா சுட்டிக்காட்டினார். மதகு நீக்கப்பட்டது. தண்ணீர் கரையை மீறி வரட்டும் என்றார் அஸீம். தண்ணீரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. நாடகத்தின் அனுசரணையாளர் ஒரு தண்ணீர்ப் போத்தல் நிறுவனம். இறுதியில் எல்லாப் பழியும் மழை மேல் போடப்பட்டது. மழை விளம்பரம் தருவதில்லை.

பிறகு சிறுவன்.

"பெருநாளும் அதுவுமா ஒரு புள்ள மௌத்தாகிறதக் காட்டுறதா?" என்றார் பஸ்மிலா. "ஆக்கள் சேனல மாத்துவாங்க."

அழவைப்பதுதானே நோக்கம் என்று அஸீம் முனகினார். அழவைக்கலாம், ஆனால் சாப்பிட்ட சாப்பாடு செமிக்கிற அளவில் அழவைக்க வேண்டும் என்று பணிப்பாளர் விளக்கினார். சிறுவனுக்குப் பதிலாக ஒரு ஆடு வெள்ளத்தில் போகலாம் என்று யோசனை வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளில் ஆடு போனால், அது குர்பான் பலிக்கு வைத்த ஆடா, கடமை நிறைவேறியதா இல்லையா என்று மக்கள் கேட்பார்கள். மார்க்கத் தீர்ப்பு எடுக்க நாள் செல்லும். ஆடும் நீக்கப்பட்டது. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு வெள்ளத்தில் ஒரு துவிச்சக்கரவண்டி அடித்துச் செல்லப்படுவதாக முடிவெடுக்கப்பட்டது.

இரண்டு நாளில் ஒரு சைக்கிள் கடையும் விளம்பரத்துக்கு வந்தது. அதனால் வெள்ளம் வடிந்ததும் அந்தத் துவிச்சக்கரவண்டி, மணி உட்பட, பழுதில்லாமல் கண்டெடுக்கப்பட வேண்டும் என்று திருத்தம் செய்யப்பட்டது.

ஜவாத் அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழுந்து, புள்ளய எடுக்க ஏலாது, நான் வாக்குக் குடுத்திட்டன் என்று சொல்ல வேண்டும். அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. ஆனால் பணிப்பாளர் அதே நேரம் திரையில் பெயர் வரும் மாதிரியைக் காட்டினார். நீலப் பின்னணியில் தங்க எழுத்து. பரவாயில்லை, கடைசிக் காட்சி இருக்கிறதே என்று ஜவாத் தன் மனதுக்குச் சொன்னார். மனம் உடனே ஏற்றுக்கொண்டது. அது எப்போதும் அவருக்கு விட்டுக்கொடுக்கிற மனம்.

"மதகுதான் இல்லையே, கடைசியில அவரு 'மதகைத் திறந்தவன் நான்தான்' எண்டு சொல்ல ஏலாது," என்றார் பணிப்பாளர். "ஜவாத் நானா, நம்மட ஊருல ஒரு பெரிய மனுசன் இப்படியான நேரத்துல என்ன சொல்லுவாரு?"

ஜவாத் யோசிக்கவேயில்லை. அந்த வசனம் நாக்கின் நுனியில் இருந்தது. "நானும் மனுசன்தானே, ஏதும் பிழை நடந்திருந்தா மாப்புச் செய்ங்க."

"மாஷா அல்லாஹ்!" என்று பணிப்பாளர் மேசையில் தட்டினார். "இதுதான் இயல்பு! இதத்தான் தழுவலாக்கம் எண்டு சொல்ற!"

வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்த வசனத்தை எங்கே கேட்டோம் என்பது ஜவாதுக்கு நினைவு வந்தது. மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். பிறகு திரும்ப ஸ்டார்ட் செய்து வீட்டுக்குப் போனார்.

"புள்ளய என்ன செஞ்ச?" என்று சபூறா கேட்டாள்.

"சைக்கிளா ஆக்கியாச்சி."

சபூறா கறியைக் கிண்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "அந்தத் தங்கச்சிட மொகத்துல எப்படி முழிக்கப் போறீங்க?"

"மாப்புக் கேட்டாச் சரிதானே. ஆகிலா நல்ல புள்ள," என்றார் ஜவாத். இன்னும் செய்து முடிக்காத பிழைக்கு மாப்புக் கேட்க வேண்டிய நாளையும் அவர் அங்கேயே தீர்மானித்துவிட்டார். நாடகம் ஒளிபரப்பானதற்கு மறுநாள். பெருநாளுக்கு மறுநாள் போனால் வீட்டில் விருந்தாளிகளும் இருப்பார்கள், நல்லது.

கடைசிக் காட்சியை நாவிதன்வெளிப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் எடுத்தார்கள். மக்கள் கூட்டத்துக்காகச் சாய்ந்தமருதிலிருந்து மீன்பிடிக் குடும்பங்களும் மருதமுனையிலிருந்து தறி நெய்யும் குடும்பங்களும் பஸ்ஸில் வந்தார்கள். மக்களுக்கு நவீன உடை தேவைப்படவில்லை, வரும்போதே அணிந்திருந்தார்கள். கோட்டுப் போட்டவராக நடித்தது ஜெஸீம். தொலைக்காட்சியின் செய்தி வாசிப்பாளர். துக்கச் செய்தியை வாசிக்கும் குரல் ஏற்கெனவே இருந்ததால் பயிற்சிச் செலவு மிச்சம்.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஜெஸீம் கோட்டுக்குள் வெந்துகொண்டு மக்கள் முன்னால் வந்தார். அவர் கண்களில் உண்மையாகவே நீர் வந்தது, வியர்வையாகவும் இருக்கலாம்.

"நானும் மனுசன்தானே. ஏதும் பிழை நடந்திருந்தா மாப்புச் செய்ங்க."

இந்த இடத்தில் மக்கள் மௌனமாகத் திரும்ப வேண்டும். கூட்டம் முழுவதும் ஒரே குரலில் சொன்னது: "அல்லாஹ்வுக்காக மன்னிச்சிட்டம்!"

"கட்!" என்றார் அஸீம்.

பேசக் கூடாது, திரும்ப மட்டும் வேண்டும் என்று விளக்கினார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுபடியும் ஜெஸீம் வந்தார், கேட்டார். மறுபடியும் மன்னித்துவிட்டார்கள். மூன்றாம் முறை வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் தலையை ஆட்டி மன்னித்தார்கள். அடுத்த முறை தலையும் ஆடவில்லை. அதற்குப் பதிலாக முன்வரிசையில் நின்ற ஒரு மீன்காரர் ஓடிவந்து ஜெஸீமைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். கோட்டில் மீன்மணம் ஏறியது. வெள்ளிக்கிழமை ஒரு மாப்பிள்ளைக்குப் போக வேண்டிய கோட்டு என்று ஜவாத் விரலில் நாள் எண்ணினார்.

அஸீம் தொப்பியைக் கழற்றி நிலத்தில் எறிந்தார். "ஜவாத் நானா, நீங்களாவது சொல்லுங்க இவங்களுக்கு!"

ஜவாத் கூட்டத்திடம் போனார். மருதமுனையிலிருந்து வந்த சபியா உம்மா என்ற பெண்தான் எல்லோருக்கும் முன்னால் நின்றாள். மன்னிப்பதிலும் அவள் குரல்தான் முதலில் வந்தது.

"ராத்தா, பேசாதீங்க. அவரு நடிக்கிறாரு."

"நடிச்சாலும் கேட்டிட்டாரே தம்பி," என்றாள் சபியா உம்மா. "கேட்டாக் குடுக்கத்தானே வேணும்? ஒரு மனுசன் அழுது மாப்புக் கேக்கக்குள்ள வாயப் பொத்திட்டு நிண்டா, மறுமையில நான் என்ன பதில் சொல்ற?"

"என்ன பிழை எண்டு கேக்காமலே குடுக்கிறதா?"

"அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும். அவரு சொல்லல்லயே, நாம எப்படிக் கேக்கிற?"

ஜவாதுக்குள் ஏதோ ஒன்று, நெடுங்காலம் மறுபக்கம் திரும்பி நின்ற ஒன்று, மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. அவர் ஜெஸீமிடம் போய்க் காதில் ஒரு வசனத்தைச் சொன்னார். பிறகு அஸீமிடம், "ஒருக்கா மட்டும், கமராவ ஓட்டுங்க தம்பி" என்றார்.

ஜெஸீம் மீண்டும் நடந்து வந்தார். மக்களைப் பார்த்தார். செய்தி வாசிக்கும் குரல் எங்கோ போயிருந்தது.

"மதகைத் திறந்தவன் நான்தான். உங்கட புள்ளய நான்தான் கொன்றது. மாப்புச் செய்ங்க."

சபியா உம்மா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. மீன்காரர் எடுத்த காலைப் பின்னுக்கு வைத்தார். கோட்டுப் போட்ட ஒருவர் 'நான்தான்' என்று சொல்லி அவர்கள் யாரும் கேட்டதில்லை. அதற்கு என்ன பதில் என்று ஊரில் ஒரு வழக்கமும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே சபியா உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு மெல்ல அங்கால் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் ஒருவர். பிறகு இன்னொருவர். அஸீமின் கண் கமராவில் ஒட்டியிருந்தது. மூச்சு விடுகிறாரா என்று தெரியவில்லை. ஜவாதுக்கு மாஸ்டர் பக்கத்தில் நிற்கிறார் போலிருந்தது.

அந்த நேரத்தில் பணிப்பாளரின் வாகனம் ஹோன் அடித்துக்கொண்டு வந்து நின்றது.

"என்ன இது, மையித்து எடுக்கிற ஊடு மாதிரி?" என்று கேட்டபடி இறங்கியவர், எடுத்த காட்சியைப் போட்டுப் பார்த்தார். அவருடைய முகம் வெளிறியது. "ஆரு இந்த வசனத்தத் தந்த? 'நான்தானா'? நம்மட நாட்டுல ஆரு அப்படிச் சொல்ற? இது நம்பும்படியா இரிக்கா?"

முந்தைய காட்சிகளையும் போடச் சொன்னார். ஊரே ஒரே குரலில் மன்னிக்கும் காட்சி வந்ததும் அவர் கண் கலங்கியது. "இதுதான் முடிவு!" என்றார். ஒலிபெருக்கியை வாங்கி மக்கள் முன்னால் நின்றார்.

"அன்பின் சகோதர சகோதரிகளே! பொதுச்சேவையில் என் தலைமுடி நரைத்துவிட்டது. என் காலத்தில் ஒரு பிழையும் நடந்ததில்லை. நடந்த ஒவ்வொரு பிழைக்கும் நான் மாப்புக் கேட்டிருக்கிறேன். என்ன பிழை என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் கேட்பவர் மனம் புண்படும். எமது கலையகக் கூரை விழுந்து ஊழியர் ஒருவரின் கால் முறிந்தபோது, அவர் வீட்டுக்கே சென்று மாப்புக் கேட்டேன். அவரும் பெருந்தன்மையாக மன்னித்தார். அந்த மன்னிப்பின் பலத்தில்தான் புதிய கூரையையும் அதே ஒப்பந்தகாரருக்குக் கொடுத்தேன். விசாரணை ஊரைப் பிரிக்கும். மன்னிப்பு ஊரைச் சேர்க்கும். மன்னிக்கத் தயாரான மக்கள் இருக்கும்வரை அதிகாரிகள் அஞ்சத் தேவையில்லை! இதில் ஏதும் பிழை இருந்தால் மாப்புச் செய்யுங்கள்."

"அல்லாஹ்வுக்காக மன்னிச்சிட்டம்!" என்றது கூட்டம்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் பணிப்பாளர்.

அஸீம் மட்டும் அசையவில்லை. அவர் ஜவாதைப் பார்த்தார். "நானா, மாஸ்டர்ர குடும்பம் இந்த முடிவுக்குச் சம்மதமா? அவங்க சம்மதிக்கல்ல எண்டா நான் போட மாட்டன். சேர் என்னத் தூக்கினாலும் பரவால்ல."

எல்லோரும் ஜவாதைப் பார்த்தார்கள். இல்லை என்ற ஒரு சொல் போதும். அந்த இளம் இயக்குநர் அதைத்தான் கேட்டு நின்றார். ஆனால் பணிப்பாளரும் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்மிலா போத்தல் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது, கோட்டைக் கழுவக் கொடுக்க வேண்டும், மக்களின் பஸ் புறப்பட வேண்டும், நீலப் பின்னணியில் தங்க எழுத்து. பெருநாளுக்கு மறுநாள் மாப்புக் கேட்டால் முடிந்தது.

"ஓம்," என்றார் ஜவாத்.

பெருநாள் பின்னேரம் சொந்தக்காரர் எல்லோரும் கூடத்தில் கூடி நாடகத்தைப் பார்த்தார்கள். பணிப்பாளர் வாக்குத் தவறாதவர். 'தழுவலாக்கம்: ஜவாத்' என்று முழுத்திரைக்கு வந்தது. அதற்கு முந்திய திரையில், 'மூலக்கதை: பக்கீர் முகைதீன்'. அதையும் எடுத்திருக்கலாமே என்று ஜவாதுக்கு இருந்தது. மழை பெய்தது. துவிச்சக்கரவண்டி போனது. கோட்டுப் போட்ட ஒருவர் மனிதாபிமானத்தில் அழுதார். ஊர் மன்னித்தது. துவிச்சக்கரவண்டி மணியோசையுடன் கிடைத்தது. திரையில் எல்லோரும் போத்தல் தண்ணீர் குடித்தார்கள். மைத்துனர்மார் கைகொடுத்தார்கள். "நல்ல முடிவு மச்சான், மனசு நெறஞ்சி போச்சி" என்றார்கள். ஜவாத் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். இவ்வளவு வெட்கத்தை அவர் வாழ்நாளில் அனுபவித்ததில்லை, அதுவும் கைகுலுக்கல்களுக்கு நடுவில்.

சபூறா பெட்டியில் மஸ்கட்டைக் கட்டி அவர் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் அட்டாளைச்சேனைக்குப் போனபோது அவர் நினைத்ததுபோல் விருந்தாளிகள் யாரும் இல்லை. ஆகிலா தனியாக இருந்தார். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மக்களின் பெருவரவேற்பை முன்னிட்டு நாடகத்தை மறுபடி போட்டிருந்தார்கள். மழை பெய்து முடிந்து சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. ஆகிலா அந்தச் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜவாத் மஸ்கட்டை மேசையில் வைத்தார். வழி நெடுக மனதுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தார். புள்ளய எடுக்கக்குள்ள நான் பேசாம இருந்தன், அந்த வசனத்த நான்தான் எடுத்துக் குடுத்த, அந்தப் பொடியன் கேக்கக்குள்ள நான்தான் ஓம் எண்ட. எல்லாம் வரிசையாக இருந்தது. ஆகிலாவின் முகத்தைக் கண்டதும் அத்தனையும் கலைந்தது. நாக்கில் மிஞ்சியது, பழகிய ஒன்றுதான்.

"தங்கச்சி... நானும் மனுசன்தானே. ஏதும் பிழை நடந்திருந்தா மாப்புச் செய்ங்க."

அதே நேரம் தொலைக்காட்சிக்குள் ஜெஸீமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "அல்லாஹ்வுக்காக மன்னிச்சிட்டம்!" என்று ஊர் முழுவதும் கூடத்துக்குள் முழங்கியது. சபியா உம்மாவின் குரல் தனியாகக் கேட்டது.

ஆகிலா ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை நிறுத்தினார். ரிமோட்டை மஸ்கட் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஜவாதை ஒரு தடவை பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. பிறகு எழுந்து, அங்கால் திரும்பி நின்றார்.

"ஆகிலா," என்றார் ஜவாத். "நான்தான் தங்கச்சி. எல்லாத்தையும் நான்தான்..."

சொல்லிவிட்டார். ஆனால் திரும்பினால் திரும்பினதுதான். அந்தப் பாடத்தை மாஸ்டர் தன் மகளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்.

மேடையில் என்றால் இந்த இடத்தில் திரை விழும். அரசன் வேஷத்தைக் கழற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். இங்கே திரையைப் போட ஆளில்லை. ஜவாத் நின்றுகொண்டே இருந்தார்.